பகை தணிந்தபின் பார்த்த கணக்கு

ஆட்சியாளர்களிடம் அவர்களுடைய முடிவுகளுக்குக் காரணம் கேட்டால், நீதி, மானம், நாட்டு நலன் என்னும் மூன்றையே எடுத்துரைப்பார்கள். கருவூலத்தில் எவ்வளவு இருந்தது, வரி செலுத்துவோர் எவ்வளவு தாங்குவர், எந்த வணிகருக்கு எவ்வளவு நட்டம் என்பனவெல்லாம் மேடையில் பேசப்படுவதில்லை. பதவி போனபின் நினைவுக் குறிப்பு எழுதுவோரும் தம் பக்கத்து நியாயத்தையே எழுதி வைப்பர். தேர்தலில் ஒருவரையொருவர் வீழ்த்திய இருவர், முதுமையில் பகை மறந்து, தாம் நடத்திய அரசின் வரவு செலவைத் தமக்குள் பேசிக்கொண்டது வரலாற்றில் அரிதாகவே காணக்கிடைக்கும் காட்சி. ஐக்கிய அமெரிக்க நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸும், மூன்றாம் தலைவரான தாமஸ் ஜெபர்ஸனும் 1812 முதல் 1826 வரை எழுதிக்கொண்ட 150க்கும் மேற்பட்ட கடிதங்களில் அக்காட்சியைக் காண்கிறோம். மக்ரிப் என்று நாம் அழைக்கும் வட ஆப்பிரிக்கக் கரையின் முஸ்லிம் அரசுகளும் அக்கதையில் இடம்பெறுவதால், நம் வாசகர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

ஆடம்ஸ் 1735 இல் மசாசூசெட்ஸில் பிறந்த வழக்கறிஞர். ஜெபர்ஸன் 1743 இல் வர்ஜீனியாவில் பிறந்த பெரும் பண்ணையார். 1776 இல் விடுதலைப் பிரகடனத்தை வரைந்த குழுவில் இருவரும் இருந்தனர். பின்னர் ஆடம்ஸ் இலண்டனிலும் ஜெபர்ஸன் பாரிஸிலும் தூதர்களாயினர். நாடு திரும்பியபின் கட்சிகள் தோன்றின, நட்பு முறிந்தது. 1796 தேர்தலில் 71க்கு 68 என்னும் வாக்குக் கணக்கில் ஆடம்ஸ் வென்றார். 1800 இல் ஜெபர்ஸன் 73 வாக்குகளும் ஆடம்ஸ் 65 வாக்குகளும் பெற்றனர். அடிமைகள் ஐவரை மூன்று பேராகக் கணக்கிட்டுத் தென்மாநிலங்களுக்குக் கூடுதல் வாக்கு வழங்கிய சட்டவிதி இல்லாதிருந்தால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. புதிய தலைவர் பதவியேற்ற 1801 மார்ச் 4 ஆம் நாள், பொழுது விடியுமுன்பே ஆடம்ஸ் தலைநகரைவிட்டு வெளியேறிவிட்டார். அதன்பின் பதினோராண்டு காலம் இருவருக்குமிடையே கடிதமில்லை. இருவருக்கும் நண்பரான பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் பெரிதும் முயன்று அந்த மௌனத்தைக் கலைத்தார்.

1812 ஜனவரி முதல் நாளன்று ஆடம்ஸ் சிறு கடிதமொன்று எழுதினார். உள்நாட்டுத் தொழிலின் ஆதரவாளராகிய தமக்கு, எங்கள் பக்கத்தில் நெய்த கைத்தறி இரண்டு துண்டுகளை அனுப்புகிறோம் என்பது அதன் கருத்து. கடிதம் முன்னே போய்ச் சேர்ந்தது, பொதி பின்தங்கிற்று. ஜெபர்ஸன் அதை மெய்யாகவே துணி என எண்ணி, வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நூல் நூற்பது பற்றியும், தறிகள் பற்றியும், ஆட்டு உரோமம் பற்றியும் விரிவாக மறுமொழி எழுதினார். வந்து சேர்ந்த பொதியில் இருந்தவையோ இரண்டு நூல்கள். ஆடம்ஸின் மகன் ஜான் குயின்ஸி ஆடம்ஸ் ஹார்வர்டு கல்லூரியில் சொல்லாற்றல் பற்றி நிகழ்த்திய விரிவுரைகள் அவை. முதியவரின் வேடிக்கை பலிக்கவில்லை. ஆயினும், பதினோராண்டுப் பகைக்குப்பின் இருவரும் முதன்முதலில் பேசிய பொருள் நாட்டின் நெசவுத் தொழிலாக அமைந்துவிட்டது.

இந்த இதமான தொடக்கத்துக்கு நான்கு மாதம் கழித்து, 1812 மே மாதத்தில், ஆடம்ஸ் மனத்திலிருந்ததைத் திறந்தே எழுதினார். ஆறு வாரத்துக்கு மேற்பட்ட வணிகத் தடையைத் தாம் ஒருபோதும் ஏற்றதில்லை என்றார். வரிகளை நீக்கியதையும், நீதிமன்ற அமைப்பைக் கலைத்ததையும், கடற்படையைப் புறக்கணித்ததையும் தம்மால் என்றுமே ஒப்புக்கொள்ள இயலாது என்றார். எவர் சரி என்பதைப் பின்வருவோர் தீர்மானிக்கட்டும் என்று முடித்தார். இக்குற்றச்சாட்டின் வேரை அறிய, நாம் இருபத்தாறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கப்பமா, கப்பலா?

அமெரிக்கர்கள் ஆங்கில அரசின் குடிகளாக இருந்தவரை, அவர்களுடைய வணிகக் கப்பல்களுக்கு மத்தியதரைக் கடலில் ஆங்கிலக் கொடியின் பாதுகாப்பு இருந்தது. அல்ஜஸாயிர், தூனிஸ், தராபுலுஸ் ஆகிய அரசுகளுக்கு ஐரோப்பிய நாடுகள் கப்பம் கட்டித் தம் கப்பல்களைக் காத்துவந்த காலம் அது. விடுதலை பெற்றதும் அப்பாதுகாப்பு அற்றுப்போயிற்று. 1785 இல் அல்ஜஸாயிரின் கப்பல்கள் இரண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்து, 21 பேரைச் சிறைகொண்டன. உடன்படிக்கைகளுக்கென அமெரிக்கக் காங்கிரஸ் ஒதுக்கிய தொகை 80,000 டாலர்.

1786 மார்ச்சில் இலண்டனில் ஆடம்ஸும் ஜெபர்ஸனும் தராபுலுஸின் தூதர் அப்துர் ரஹ்மானைச் சந்தித்தனர். நிலையான சமாதானத்துக்கு அவர் கேட்டது 30,000 கினி. அத்துடன் தமக்கு 3,000 கினி. உங்களுக்கு எத்தீங்கும் செய்யாத எங்கள்மீது போர் தொடுப்பதேன் என்று வினவியபோது, அவர் மார்க்கத்தின் பெயரால் காரணம் கூறியதாக இருவரும் தம் அரசுக்கு எழுதினர். இக்கூற்றை இன்றும் சிலர் எடுத்தாள்வதால் இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அதே மார்க்கத்தைப் பின்பற்றிய மொராக்கோ சுல்தான் ஸெய்யிதீ முஹம்மத் இப்னு அப்துல்லாஹ், 1777 இலேயே அமெரிக்கக் கப்பல்களுக்குத் தம் துறைமுகங்களைத் திறந்துவிட்டவர். 1786 இல் ஆண்டுக் கப்பம் ஏதுமின்றியே அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்துகொண்டவரும் அவரே. அவர் நாட்டின் வருவாய் துறைமுக வணிகத்தை நம்பியிருந்தது. தராபுலுஸின் கருவூலமோ கப்பத்தையும் மீட்புப் பணத்தையும் நம்பியிருந்தது. மறுபுறம், சிலுவைக் கொடி பறக்கவிட்ட மால்டாத் தீவின் வீரர்களும் முஸ்லிம் கப்பல்களைப் பிடித்து ஆட்களை அடிமைகளாக்கி வந்தனர். இருபுறமும் சமயம் பேசினாலும், கப்பலைச் செலுத்தியது கருவூலத்தின் தேவை என்பதே நம் துணிபு.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் இரு தூதர்களும் தமக்குள் வாதிட்டுக்கொண்ட கடிதங்கள் அரசியல் பயில்வோர் அனைவரும் படிக்கத் தக்கவை. ஆடம்ஸ் கணக்கிட்டார்: இரண்டு லட்சம் பவுன் அன்பளிப்பை மிச்சப்படுத்துவதற்காக ஆண்டுதோறும் பத்து லட்சத்தை வணிகத்தில் இழக்கிறோம், இது நல்ல சிக்கனமன்று. போர் தொடுப்பதானால் என்றென்றும் போரிடும் உறுதி வேண்டும்; அது நம் மக்களிடம் இல்லை. ஜெபர்ஸன் வேறு கணக்குக் காட்டினார்: 150 பீரங்கிகள் கொண்ட கடற்படையை அமைக்க 450,000 பவுன் ஆகும்; ஆண்டுச் செலவு 45,000 பவுன். நீதியும் மானமும் இதையே வேண்டுகின்றன. ஐரோப்பாவின் மதிப்பும் கிடைக்கும். மைய அரசுக்கும் வலிமை சேரும்.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. மானம் பேசியவரும் பீரங்கி ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார். சிக்கனம் பேசியவரும் மக்களின் மனவுறுதியை எடைபோட்டார். கொள்கையும் கணக்கும் இருவரிடமும் பிரிக்க முடியாதபடி கலந்தே இருந்தன.

ஆனால் அன்று கப்பமும் கட்ட முடியவில்லை; கப்பலும் கட்ட முடியவில்லை. ஏனெனில், வரி விதிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு இல்லை. மாநிலங்களிடம் கேட்டுப் பெறவேண்டிய நிலை. 1332 இல் அதே மக்ரிபுக் கரையில், தூனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன், படையும் பணமுமே அரசைத் தாங்கும் இரண்டு அடித்தளங்கள் என்று தம் 'முகத்திமா'வில் விளக்கியுள்ளார். இரண்டும் இல்லாத அரசாக அன்றைய அமெரிக்கா இருந்தது. 1787 இல் புதிய அரசியல் சட்டம் எழுதப்பட்டதற்கும், வரி விதிக்கும் உரிமை அதில் சேர்க்கப்பட்டதற்கும் இக்குறை முக்கியமான காரணங்களுள் ஒன்று.

நாற்காலி மாறியபோது

பதவிக்கு வந்ததும் இருவரும் தத்தம் கொள்கைக்கு மாறாக நடந்தமை வியப்புக்குரியது. 1793 இல் அல்ஜஸாயிர் மேலும் பல கப்பல்களைப் பிடிக்கவே, 1794 இல் ஆறு போர்க்கப்பல்கள் கட்டக் காங்கிரஸ் சட்டமியற்றியது. ஆயினும் 1795 இல் 642,500 டாலரும் ஆண்டுதோறும் 21,600 டாலர் மதிப்புள்ள கப்பல் பொருள்களும் தருவதாக உடன்படிக்கை செய்துகொண்டுதான் கைதிகளை மீட்க முடிந்தது. கப்பமே சிக்கனம் என்று வாதிட்ட ஆடம்ஸ், தலைவரானபின் பிரான்சுடன் கடற்பூசல் மூண்டதால், 1798 இல் கடற்படைக்கென்று தனித்துறை அமைத்தார். அதற்குப் பணம்? வீட்டுக்கும் நிலத்துக்கும் அடிமைக்கும் நேரடி வரி விதிக்கப்பட்டது. 1799 இல் பென்சில்வேனியாவின் உழவர்கள் அவ்வரியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். 1800 இல் ஆடம்ஸ் தோற்றதற்கு அவ்வரியும் ஒரு காரணம்.

கடற்படையே மானம் என்று வாதிட்ட ஜெபர்ஸன், தலைவரானதும் கடனடைப்பதையே முதற்கடமையாகக் கொண்டார். நிதியமைச்சர் ஆல்பர்ட் காலட்டின் துணையுடன் 1802 இல் உள்நாட்டு வரிகளை நீக்கினார். கடற்படைச் செலவைக் குறைத்தார். 8 கோடியே 30 லட்சம் டாலராக இருந்த நாட்டுக் கடன், அவர் பதவி முடிகையில் 5 கோடியே 70 லட்சமாகக் குறைந்திருந்தது. இடையில் 1803 இல் லூயிசியானா நிலப்பரப்பு முழுவதையும் ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியதும் இக்காலத்திலேதான். சிக்கனத்திற் சிறந்த சாதனை இது. எனினும் 1801 இல் தராபுலுஸின் யூசுப் கரமான்லி போர் தொடுத்தபோது, முன்னைய ஆட்சிகள் கட்டிவைத்த கப்பல்களே ஜெபர்ஸனுக்குக் கைகொடுத்தன. 1805 இல் கைதிகளின் மீட்புக்கென 60,000 டாலர் கொடுத்தே அப்போரும் முடிந்தது.

அவருடைய மற்றொரு முடிவு இன்னும் பெரிய பாடம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அமெரிக்கக் கப்பல்களுக்கு இடையூறு செய்தபோது, போருக்குப் பதிலாகப் பொருளாதாரத்தையே ஆயுதமாக்க எண்ணி, 1807 டிசம்பரில் எல்லா ஏற்றுமதியையும் தடைசெய்தார். 1807 இல் சுமார் 10 கோடியே 80 லட்சம் டாலராக இருந்த ஏற்றுமதி 1808 இல் 2 கோடியே 20 லட்சமாக வீழ்ந்தது. துறைமுகங்களில் கப்பல்கள் நின்றன, மாலுமிகள் வேலையிழந்தனர், கள்ளக்கடத்தல் பெருகியது. ஆடம்ஸ் வாழ்ந்த மாநிலமே மிகுந்த துன்பத்துக்குள்ளானது. எதிரியை வருத்த எடுத்த ஆயுதம் சொந்த வீட்டின் அடுப்பை அணைத்தது. 1809 மார்ச்சில், பதவியிறங்கும் தறுவாயில், அத்தடையை நீக்கும் சட்டத்தில் ஜெபர்ஸனே ஒப்பமிட்டார்.

1812 மே மாதக் கடிதத்தின் பொருள் இப்போது விளங்கும். அக்கடிதம் எழுதிய அடுத்த மாதமே ஆங்கிலேயருடன் போர் மூண்டது. நீக்கிய வரிகளை 1813 இல் மீண்டும் விதிக்க வேண்டியதாயிற்று. 1814 இல் தலைநகர் தீக்கிரையானது. காங்கிரஸின் நூலகமும் எரிந்தது. அதை ஈடுசெய்ய, கடனில் தத்தளித்த ஜெபர்ஸன் தம் 6,487 நூல்களை 1815 இல் 23,950 டாலருக்கு அரசுக்கு விற்றார். இளமையில், 1765 இல், அவர் வாங்கியிருந்த ஜார்ஜ் ஸேலின் ஆங்கிலத் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பும் அவற்றுள் ஒன்று. அரசின் கருவூலமும் தனிமனிதரின் கடனும் சேர்ந்து ஒரு நூலகத்தை இடம் மாற்றின.

காகிதப் பணத்தைப் பற்றி இருவருக்கும் ஒரே கருத்து. கையிருப்பில் பொன்னும் வெள்ளியும் இல்லாமல் வங்கிகள் வெளியிட்ட தாள்கள் 1819 இல் மதிப்பிழந்து, நாடெங்கும் நிலமும் வணிகமும் சரிந்தன. காகிதக் குமிழி வெடித்துவிட்டது, நாமிருவரும் நெடுநாள்முன்பே எதிர்பார்த்ததுதான் என்று ஜெபர்ஸன் அவ்வாண்டு நவம்பரில் ஆடம்ஸுக்கு எழுதினார். ஆனால், அதே ஆண்டில் நண்பர் ஒருவருக்காக அவர் பிணைநின்ற 20,000 டாலர் கடன் அவர் தலையிலேயே விழுந்தது. நாட்டின் நோயை நன்கறிந்த மருத்துவரும் தம் வீட்டில் அந்நோய் புகுவதைத் தடுக்கவில்லை.

1822 அக்டோபரில் ஆடம்ஸ் பழைய கப்பல் கதையை மீண்டும் எடுத்தார். கடற்படை ஜெபர்ஸன் பெற்ற பிள்ளை என்றே தாம் எப்போதும் நம்பிவந்ததாக எழுதினார். கடற்படையைப் புறக்கணித்தார் என்று பத்தாண்டுக்குமுன் குற்றஞ்சாட்டிய அதே பேனா, இப்போது அதன் தொடக்கப் பெருமையை அவருக்கே அளித்தது. ஜெபர்ஸன் அப்பெருமையைப் பற்றிக்கொள்ளவில்லை. தம் தாள்களில் ஆதாரம் ஏதும் கிடைக்கவில்லை என்றும், நினைவில் பொதுவான செய்திகளே எஞ்சியுள்ளன என்றும், ஐரோப்பாவில் இருந்தபோது கடற்படை வேண்டும் என்னும் உறுதியான கருத்து இருந்ததே உண்மை என்றும் அமைதியாக விடையளித்தார். பதவிக்காலத்தில் இவ்வளவு நேர்மையுடன் பேச இருவராலும் முடிந்திருக்குமா என்பது ஐயமே.

திறக்கப்படாத ஏடு

வங்கி, வரி, கப்பல் என எல்லாக் கணக்கையும் திறந்து பார்த்த இம்முதியோர், ஓர் ஏட்டை மட்டும் தம்மிடையே திறக்கவில்லை. அடிமை முறையின் கணக்கு அது.

மிசூரி மாநிலத்தில் அடிமை முறை அனுமதிக்கப்படலாமா என்று நாடே இரண்டுபட்டு நின்ற காலம். 1821 ஜனவரியில் ஜெபர்ஸன், அடிமைகளுக்கு விடுதலையோடு கத்தியையும் கொடுப்பதா என்று அச்சத்தோடு கேட்டார். பிப்ரவரியில் ஆடம்ஸ், அரை நூற்றாண்டாக அது நாட்டின்மேல் கருமேகம்போல் தொங்கி நிற்பதாக எழுதினார். ஆனால் தென்னாட்டாரின் முடிவுக்கே அதை விட்டுவிட்டதாகவும் சேர்த்தெழுதினார். பேச்சு அவ்வளவில் நின்றது. ஆளுக்கு என்ன விலை, உழைப்பால் யாருக்கு என்ன வருவாய் என்று இவர் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

பிறருக்கு எழுதிய கடிதங்களிலோ இருவரும் அக்கணக்கைக் கூறியுள்ளனர். 1819 ஜூனில் ஆடம்ஸ், அடிமைகள் மலிவாக விற்ற காலத்திலும் தாம் ஒருவரையும் வாங்கவில்லை என்றும், சுதந்திர மனிதருக்குக் கூலி கொடுத்ததால் பல்லாயிரம் டாலர் கூடுதலாகச் செலவாயிற்று என்றும் ஒருவருக்கு எழுதினார். 1820 ஜூனில் ஜெபர்ஸன், இரண்டாண்டுக்கு ஒரு பிள்ளை பெறும் அடிமைப் பெண், பண்ணையின் சிறந்த ஆணைவிட அதிக இலாபம் தருபவள் என்று தம் மருமகனுக்கு எழுதினார். எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்னும் பிரகடனத்தை வரைந்த கை எழுதிய வரி இது. ஓராண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இவ்விரு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பொருளாதாரம் மனிதரை எங்கே இழுக்கிறது என்பதும், விலை கொடுக்கத் துணிந்தவர் அதை மறுக்க முடியும் என்பதும் ஒருங்கே புலனாகின்றன.

இம்மௌனத்தை முன்பே உடைக்க முயன்றவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1790 மார்ச்சில், தாம் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, அல்ஜஸாயிரின் அமைச்சர் ஒருவர் பேசுவதுபோல் அவர் ஓர் அங்கதக் கட்டுரை எழுதினார். கிறிஸ்தவ அடிமைகளை விடுவித்துவிட்டால் நம் நிலங்களை யார் உழுவது, உடையவர்களுக்கு யார் ஈடு கொடுப்பது என்று அந்தக் கற்பனை அமைச்சர் கேட்கிறார். அடிமை முறையைக் காக்க அமெரிக்கக் காங்கிரஸில் ஒருவர் பேசிய வாதத்தையே வேடம் மாற்றிக் காட்டினார் பிராங்க்ளின். 21 மாலுமிகளின் சிறைக்காகக் கொதித்த நாடு, தன் வயல்களில் இருந்த லட்சக்கணக்கானோரை எண்ணிப் பார்க்கவில்லை.

அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவின் பூத்தா தோரோவில் பிறந்து, மார்க்கக் கல்வி பயின்ற உமர் இப்னு ஸயீத் 1807 இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொணர்வதைத் தடைசெய்யும் சட்டத்தில் ஜெபர்ஸன் ஒப்பமிட்டதும் அதே ஆண்டில்தான். அது நடைமுறைக்கு வந்ததோ 1808 ஜனவரி முதல் நாள். 1831 இல் உமர் தம் வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். தொடக்கத்தில் அவர் நினைவிலிருந்து எழுதி வைத்தது 'அல்முல்க்' அத்தியாயம். ஆட்சியும் உடைமையும் யாருடையவை என்பதைப் பேசும் அத்தியாயத்தை, இன்னொருவரின் உடைமையாகப் பதிவு செய்யப்பட்டிருந்த மனிதர் தேர்ந்துகொண்டார். விடுதலை காணாமலேயே அவர் காலமானார். அக்கையெழுத்துப் பிரதி 2017 முதல் அமெரிக்கக் காங்கிரஸின் நூலகத்தில் உள்ளது. ஜெபர்ஸன் விற்ற நூல்களால் மறுபிறப்பெடுத்த அதே நூலகம் அது.

1826 ஜூலை 4 ஆம் நாள், பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, இருவரும் சில மணி நேர இடைவெளியில் இறந்தனர். ஜெபர்ஸன் விட்டுச்சென்ற கடன் ஒரு லட்சம் டாலருக்கும் மேல். அதை அடைப்பதற்காக 1827 ஜனவரியில் அவருடைய பண்ணையின் அடிமைகள் 130 பேர் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டனர். கணவன் ஒருபுறமும் மனைவி ஒருபுறமும் பிள்ளைகள் வேறொருபுறமுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அறிஞர் ஒருவரின் தாராளச் செலவுக்கும் நாட்டின் காகிதப் பணச் சரிவுக்கும் இறுதியில் விலை கொடுத்தவர்கள் இவர்களே.

இவ்வரலாற்றை நம் இல்லங்களில் படிக்கும் இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவன இரண்டு. முதலாவது, பகைவராய் இருந்தவரோடும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம். அதனால் எவருடைய மதிப்பும் குறைவதில்லை. கப்பம் பற்றியும் கப்பல் பற்றியும் இம்முதியோர் பேசிய பேச்சு நாட்டுக்கு விளக்கமாக அமைந்தது. இரண்டாவது, அத்தகைய அமர்விலும் யார் இல்லை என்று பார்க்க வேண்டும். ஓர் அரசு வரி குறைத்தேன் என்றாலும், தடை விதித்தேன் என்றாலும், கடன் அடைத்தேன் என்றாலும், அதன் சுமை எவர் தோளில் இறங்கியது என்று கேட்டுப் பழகுங்கள். ஆடம்ஸும் ஜெபர்ஸனும் பதினான்கு ஆண்டுகள் கடிதம் எழுதியும், அந்த ஒரு கேள்வியை ஒருவரையொருவர் கேட்காமலே போய்விட்டனர். அவர்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு விடைகாண, அந்நாடு 1861 முதல் 1865 வரை தனக்குள்ளேயே போரிட வேண்டியதாயிற்று. அறுநூறாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அப்போரில் மாண்டனர்.